காலில் தைத்த முள்ளும் உடலில் மூளும் நெருப்பும்



சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள் பஜ்ருத் தொழுகையை முடித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு கருவேல முள் என் வலது பாதத்தில் ஏறிவிட்டது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துபோனேன். லுஹருக்குள் அந்த இடம் சிவந்தது. அஸருக்குள் வீங்கிச் சுட்டது. மஃக்ரிபில் ஸஜ்தாவுக்குச் செல்லும்போது விரலை மடக்க முடியவில்லை. இஷாவுக்குப் பின் உடம்பு காய்ந்தது. தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. என் தாயார் காலைப் பார்க்காமலேயே, “நெறி கட்டியிருக்கிறது, காலில் எங்கோ புண் இருக்கும், பார்” என்றார்கள்.

எழுத்தறியாத அந்தத் தாயின் சொல்லில் ஒரு பெரிய மருத்துவ உண்மை அடங்கியிருக்கிறது. பாதத்தில் தைத்த முள்ளுக்கும் தொடை இடுக்கில் எழுந்த கட்டிக்கும் இடையே ஒரு பாதை உண்டு என்பதே அது. அந்தப் பாதையைப் பற்றியும், அதில் மூளுகின்ற நெருப்பைப் பற்றியும், அந்த நெருப்பால் கால் யானைக்காலாகிப்போன நம் ஊர்ப்பக்கத்து மக்களைப் பற்றியும் இந்த மாதம் எழுத விரும்புகிறேன்.

இந்த நெருப்பைப் பாடநூல்கள் ‘அழற்சி’ என்கின்றன. அழல் என்றால் நெருப்பு; பொருத்தமான பெயர்தான். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பவர் இதன் அடையாளங்களாகச் சிவத்தல், வீங்குதல், சுடுதல், வலித்தல் ஆகிய நான்கையும் எழுதி வைத்தார். அந்த உறுப்பு வேலை செய்ய முடியாமல் போவதைப் பிற்காலத்தார் ஐந்தாவதாகச் சேர்த்தனர். இப்னு ஸீனா (ரஹ்) போன்ற நம் மருத்துவ மேதைகள் ‘வரம்’ என்ற அரபுச் சொல்லின் கீழ் வீக்கங்களை விரிவாக ஆராய்ந்தனர். கால் பருத்துப்போகும் நோய்க்கு அரபு மருத்துவ நூல்கள் வைத்த பெயர் ‘தாவுல் ஃபீல்’, அதாவது யானை நோய். தமிழன் யானைக்கால் என்றான். ஒரே நோயைப் பார்த்த இரு மொழியினருக்கும் ஒரே விலங்குதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் வீக்கத்தையே நோய் என்று எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. முள்ளோடு உள்ளே நுழைந்த கிருமிதான் பகைவன். வீக்கமோ, உடல் நடத்துகின்ற போரின் அடையாளம்.

செஞ்சியில் வாழும் நமக்கு இதனை விளக்கக் கோட்டையை விடச் சிறந்த உவமை தேவையில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து மதில் செல்கிறது, மதிலுக்கு வெளியே அகழி, உள்ளே வாயில்தோறும் காவலர்கள் நின்ற இடங்கள், களஞ்சியங்கள், குளங்கள். உடலுக்கு மதிலாக இருப்பது தோல். தோலுக்கு அடியில் நிலையாகத் தங்கியிருக்கும் காவல் அணுக்கள் உண்டு. மதிலில் ஓட்டை விழுந்ததும் அவை அபாய முரசு கொட்டுகின்றன. அந்த முரசொலி ஓசையாக எழுவதில்லை; ஹிஸ்டமின், புராஸ்டகிளான்டின் போன்ற இரசாயனப் பொருட்களாக வெளிப்படுகிறது.

முரசு கேட்டதும் அருகிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்தம் அதிகமாகப் பாய்கிறது. ஆகவே அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது. குழாய்ச் சுவரின் இணைப்புகள் தளர்ந்து நீர் வெளியே கசிகிறது; ஆகவே வீங்குகிறது. அதே இரசாயனங்கள் நரம்பு முனைகளைத் தூண்டுவதால் வலிக்கிறது. வலி இருப்பதால்தான் நாம் அந்தக் காலை ஊன்றாமல் காக்கிறோம். செல்சஸ் கண்ட நான்கு அடையாளங்களுக்கும் காரணம் இவ்வளவுதான்.

தளர்ந்த குழாய்ச் சுவரின் வழியாக நீர் மட்டும் வருவதில்லை. இரத்தத்தில் மிதந்துகொண்டிருந்த வெள்ளையணுக்கள் சுவரில் ஒட்டி, உருண்டு, நெளிந்து வெளியேறிப் புண்ணை நோக்கி ஊர்ந்து செல்கின்றன. ஜெர்மனி நாட்டின் கோன்ஹைம் என்ற மருத்துவர் 1867-இல் தவளையின் உடலில் இதனை நுண்ணோக்கியால் நேரில் கண்டு எழுதினார். அவை ஏன் அங்கே செல்கின்றன என்பதற்கு விடை கிடைத்ததும் ஒரு முள்ளினால்தான்! ரஷ்யப் பேரரசில் பிறந்த மெட்ச்னிகாஃப் என்பவர் 1882-இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்தார். கண்ணாடி போலத் தெளிந்த உடலையுடைய நட்சத்திர மீனின் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்துவிட்டு, இரவெல்லாம் உறக்கமின்றிக் காத்திருந்து, மறுநாள் காலையில் பார்த்தார். ஊர்ந்து திரியும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளைத் தேடிச் சென்று விழுங்குவதே அவற்றின் வேலை என்று அவர் முடிவு செய்தார். இதற்காக 1908-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

முதலில் வந்து சேருபவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள். சில மணி நேரத்திற்குள் ஆயிரமாயிரமாய் வருகின்றன, கிருமிகளை விழுங்குகின்றன, அங்கேயே மடிகின்றன. நாம் அருவருப்போடு துடைத்தெறியும் சீழில் பெரும்பகுதி இந்தக் காவலர்களின் உடல்கள்தாம். அடுத்த ஓரிரு நாட்களில் மேக்ரோஃபேஜ் என்னும் பெரிய அணுக்கள் வந்து, இறந்தவற்றை அப்புறப்படுத்திக் கிழிந்த திசுவைப் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கிவைக்கின்றன.

செய்தி பாதத்தோடு நிற்பதில்லை. காவல் அணுக்கள் இரத்தத்தில் விடுகின்ற தூதுப்பொருட்கள் மூளையை எட்டுகின்றன. மூளையின் அடிப்பகுதியில் உடற்சூட்டை நிர்ணயிக்கும் இடம் ஒன்று உண்டு. அது சூட்டின் அளவை உயர்த்துகிறது, காய்ச்சல் வருகிறது. பசி போகிறது. உடல் சோர்கிறது, உறக்கம் கெடுகிறது. கல்லீரல் சில புரதங்களைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்குகிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘சி.ஆர்.பி.’ என்று எழுதியிருக்கிறதே, அது அந்தப் புரதங்களுள் ஒன்று, 1930-இல் கண்டறியப்பட்டது. அது கூடியிருந்தால் உடலுக்குள் எங்கோ அழல் மூண்டிருக்கிறது என்பது பொருள். எங்கே, எதனால் என்பதை அந்தச் சீட்டு சொல்லாது.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. இறைநம்பிக்கையாளர்கள் ஒரே உடலைப் போன்றவர்கள் என்பதும், ஓர் உறுப்பு நலிவுற்றால் உடல் முழுவதும் காய்ச்சலாலும் உறக்கமின்மையாலும் அதனோடு துன்பத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது என்பதும் அதன் கருத்து. மிம்பரில் எத்தனையோ முறை இந்த ஹதீஸைச் சொல்லியிருக்கிறேன். முள் தைத்த அன்றிரவு படுக்கையில் புரண்டபோதுதான், காய்ச்சலையும் உறக்கமின்மையையும் பெயர் குறிப்பிட்டுச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் நுட்பம் என் உடலிலேயே விளங்கியது.

போர் மூள்வது எப்படி அவசியமோ, அப்படியே அது முடிவதும் அவசியம். கிருமி ஒழிந்துவிட்டால் வீக்கம் தானாக வடிந்துவிடும் என்றே முன்பு எண்ணிவந்தனர். அதுவும் உடல் செய்கின்ற ஒரு தனி வேலை என்பது கடந்த கால் நூற்றாண்டு ஆராய்ச்சிகளில் தெளிவாகியிருக்கிறது. போரை நிறுத்தும் உத்தரவைச் சுமந்து செல்லும் பொருட்களையும் உடலே தயாரிக்கிறது. அந்த உத்தரவு பிறக்காவிட்டாலோ, பகைவன் திரும்பத் திரும்ப நுழைந்துகொண்டே இருந்தாலோ, போர் நீள்கிறது. அப்போது காவலரின் ஆயுதங்களே சொந்தத் திசுக்களை அரிக்கின்றன. அரித்த இடத்தில் தழும்பு ஏறி இறுகுகிறது.

முற்றுகை நீண்டால் என்னவாகும் என்பதற்கு நம் கோட்டையே சாட்சி. மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. கோட்டைக்குள் இருந்தவர்களோடு முற்றுகையிட்டவர்களும் பசியால் வாடினர், சுற்றுப்புறம் பாழானது. இன்று இதே கோட்டை, மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. பார்க்க வருவோர் மதிலின் அழகைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எட்டாண்டுப் பசி அவர்களுடைய கண்ணுக்குத் தெரிவதில்லை.

இனி அந்தப் பாதைக்கு வருவோம்.

இரத்தக் குழாயிலிருந்து கசிகின்ற நீர் அப்படியே தங்கிவிட்டால் நாம் எல்லோருமே வீங்கிப்போவோம். அதைத் திரும்பச் சேகரித்து இரத்தத்தில் சேர்ப்பதற்காகவே உடலெங்கும் மிக மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் ஓடுவது நிணநீர். நாள்தோறும் பல லிட்டர் நீர் இவ்வாறு திரும்புகிறது. நீர் பின்னோக்கி வழியாதபடி குழாய்களுக்குள் சிறு கதவுகள் உள்ளன. வழியில் ஆங்காங்கே சோதனைச் சாவடிகள் போல நிணநீர்க் கணுக்கள் உள்ளன. காலிலிருந்து வருகின்ற நீருக்கு உரிய பெரிய சாவடி தொடை இடுக்கில் இருக்கிறது. கிருமியோடு நீர் அங்கு வந்து சேர்ந்தால் சாவடியில் படை பெருகுகிறது, கணு பருக்கிறது. இதைத்தான் நம் தாய்மார்கள் நெறி கட்டுதல் என்கிறார்கள்.

இந்தப் பாதைக்குள் குடியேறுகின்ற ஒரு புழு உண்டு. உச்செரெரியா பான்கிராஃப்டி என்பது அதன் பெயர். வெண்ணிற நூல் போன்றது. பெண் புழு எட்டு முதல் பத்து செண்டிமீட்டர் நீளமும் ஆண் புழு சுமார் நான்கு செண்டிமீட்டர் நீளமும் இருக்கும். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகுகின்ற கியூலக்ஸ் கொசு இதனைப் பரப்புகிறது. கொல்கத்தாவில் லூயிஸ் என்ற மருத்துவர் 1872-இல் மனித இரத்தத்தில் இதன் நுண்குஞ்சுகளைக் கண்டார். 1877-இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் மான்சன் என்பவர் அவை கொசுவுக்குள் வளர்வதைக் கண்டார். அந்தக் குஞ்சுகள் பகலில் உள்ளே பதுங்கி, இரவில்தான் வெளி இரத்தத்திற்கு வருகின்றன. அந்தக் கொசு கடிப்பதும் இரவில்தான். சுகாதாரத் துறை ஊழியர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வீடு வீடாக வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்ததற்குக் காரணம் இதுவே.

பெரிய புழு சராசரியாக ஆறு முதல் எட்டு ஆண்டுகள் நிணநீர்க் குழாய்க்குள் வாழ்கிறது. இவ்வளவு பெரிய அந்நியன் உள்ளே குடியிருக்கக் காவலர்கள் ஏன் பொங்கி எழுவதில்லை? உயிரோடு இருக்கும் புழு, காவலை மந்தப்படுத்தும் பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஆகவே பலருக்கு ஆண்டுக்கணக்கில் எந்த அடையாளமும் தெரிவதில்லை. ஆனால் புழு குடியிருந்த குழாய் மெல்ல விரிந்து, கதவுகள் மூடாமல் போகின்றன. புழு சாகும்போதோ, அதற்குள் வாழ்ந்த ஒரு வகை நுண்கிருமியும் சேர்ந்து வெளிப்படுவதால், அதுவரை உறங்கிய காவல் திடீரென விழித்துக்கொள்கிறது.

நம் விழுப்புரம் மாவட்டத்திற்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. கடலூர், விழுப்புரம், புதுச்சேரிப் பகுதிகள் நெடுங்காலமாக யானைக்கால் நோய்ப் பகுதிகளாகவே இருந்தன. நாட்டளவிலான தடுப்புத் திட்டம் 1955-இல் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975-இல் புதுச்சேரியில் அமைந்தது. 1990-களில் அதன் ஆய்வாளர்கள் நம் மாவட்டத்துக் கிராமங்களில் தங்கி, ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு முறை மருந்து கொடுத்தால் இரத்தத்தில் குஞ்சுகள் எவ்வளவு குறைகின்றன என்று பல ஆண்டுகள் கணக்கெடுத்தனர். தமிழ்நாட்டில் அரசே இவ்வாறு மருந்து வழங்குவது 1996-இல் கடலூர் மாவட்டத்தில் தொடங்கியது. 2004 முதல் நாட்டின் நோய்ப் பகுதிகளுக்கெல்லாம் விரிவாகியது. ‘யானைக்கால் மாத்திரை’ என்று நம் மக்கள் சொல்லும் டி.இ.சி. மாத்திரை அதுதான், பின்னர் குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோலும் அதனோடு சேர்ந்தது.

அந்த மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு விழுங்காமல் விட்டவர்கள் பலர். விழுங்கிய சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்ததே அதற்கொரு காரணம். அந்தக் காய்ச்சல் ஏன் வந்தது என்று அன்று யாராவது மக்களுக்கு விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாத்திரையால் இரத்தத்திலுள்ள குஞ்சுகள் மடிகின்றன, மடிந்தவற்றைக் கண்டு காவல் எழுகிறது, ஆகவே காய்ச்சல். குஞ்சுகள் இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மாத்திரை வேலை செய்ததற்கான அடையாளத்தையே மாத்திரையின் குற்றமாக எண்ணி நம் மக்கள் அஞ்சினர். மிம்பர்களில் இருந்த எங்களுக்கும் அன்று இது தெரிந்திருக்கவில்லை.

எப்படியோ, அல்லாஹ்வின் அருளாலும் பலருடைய உழைப்பாலும், புதிதாகப் புழு ஏறுவது நம் பகுதியில் பெரிதும் குறைந்திருக்கிறது. அண்டையிலுள்ள இலங்கை, இந்நோய் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையன்று என்ற சான்றிதழை 2016-இலேயே உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றுவிட்டது. இந்தியா 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது. ஆனால் மாத்திரை புழுவைக் குறைக்குமே தவிர, ஏற்கனவே பருத்துப்போன காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. நோய் போய்விட்டது என்று ஊர் மறந்துவிடும்போது, காலைச் சுமந்துகொண்டு சிலர் நம்மிடையே நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவரை நான் அறிவேன். நெல் மூட்டை சுமந்து பிழைத்தவர். முன்பெல்லாம் ஜும்ஆவுக்கு முதல் ஆளாக வருவார். சில ஆண்டுகளாகக் கடைசி ஸஃப்பில், தூணுக்குப் பின்னால் நின்றார். பிறகு வருவதையே நிறுத்திவிட்டார். நான் வீட்டிற்குச் சென்று கேட்டபோது, “ஹஜ்ரத், ஹவுளில் நான் கால் கழுவினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகிறார். ஸஃப்பில் கால் பட்டால் காலை இழுத்துக்கொள்கிறார்கள்” என்றார். நான் தலைகுனிந்தேன்.

சகோதரர்களே! இந்த நோய் தொட்டால் ஒட்டாது. ஒரே தண்ணீரில் கால் கழுவினாலும் ஒட்டாது. இரத்தத்தில் குஞ்சு இருப்பவரைக் கடித்த கொசுவால் மட்டுமே இது பரவும். கால் பருத்து முற்றிய நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோரின் இரத்தத்தில் அந்தக் குஞ்சுகளும் இருப்பதில்லை. அதாவது, யாரைக் கண்டு விலகுகிறோமோ அவரிடமிருந்து கொசு கூட நோயை எடுத்துச் செல்வது அரிது.

அவர் சொன்ன இன்னொரு செய்திதான் என்னை இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தது. ஆண்டுக்கு நான்கைந்து முறை, குறிப்பாக மழைக்காலத்தில், திடீரென உடல் நடுங்கிக் குளிர் காய்ச்சல் வரும், கால் சிவந்து கொதிக்கும், நெறி கட்டும், நான்கு நாள் படுக்கை, எழுந்து பார்த்தால் கால் முன்னிருந்ததை விடச் சற்றுப் பெரிதாகியிருக்கும் என்றார். புழுதான் உள்ளே புரள்கிறது என்று அவர் நம்பியிருந்தார். மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தது.

பிரேசில் நாட்டின் ரெசீஃபி நகரில் ஜெரூசா டிரேயர் என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1990-களில் நோயாளிகளின் கால்களை உற்றுப் பார்த்து, வேறொன்றைச் சொன்னார்கள். இந்தக் காய்ச்சல்களில் பெரும்பாலானவற்றுக்குப் புழு காரணமன்று. கால்விரல் இடுக்கில் ஈரத்தால் வெந்து பிளந்த தோல், குதிகால் வெடிப்பு, நகத்தை ஒட்டிய கீறல் ஆகியவற்றின் வழியாகச் சாதாரணக் கிருமிகள் நுழைகின்றன. நல்ல காலாக இருந்தால் நிணநீர் அவற்றைச் சாவடிக்கு அடித்துச் சென்றுவிடும். இங்கோ வடிகால் அடைபட்டு நீர் தேங்கி நிற்கிறது. கிருமிக்கு அது நல்ல வயல். அழல் மூள்கிறது, ஏற்கனவே பழுதான குழாய்கள் மேலும் எரிந்து தழும்பாகின்றன, வடிகால் மேலும் அடைகிறது, கால் மேலும் பருக்கிறது, தோல் மடிந்து புதிய இடுக்குகள் உண்டாகின்றன, அவற்றில் மீண்டும் வெடிப்பு. புழு தொடங்கி வைத்த வேலையைத் திரும்பத் திரும்ப மூளும் இந்த நெருப்புகளே முடித்து வைக்கின்றன.

இதில் ஒரு நற்செய்தி உண்டு. புழுவின் பழைய சேதத்தை மாற்ற முடியாவிட்டாலும், விரல் இடுக்கின் வெடிப்பை மூட முடியும். கேரளத்தின் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் 1990-களில் நடந்த ஆய்வுகள், காலை நாள்தோறும் கழுவிப் பேணுவதும் தேவையான இடத்தில் களிம்பு இடுவதும் காய்ச்சல் வருவதைக் குறைக்கின்றன என்று காட்டின. அரசுத் திட்டத்திலும் இந்நோயாளிகளுக்குத் தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு ஆகியவை அடங்கிய ஒரு தொகுப்பு வழங்கப்படுகிறது. இது கிடைக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டுப் பெறுங்கள்.

கழுவும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வெந்நீர் கூடாது, சாதாரணத் தண்ணீரும் சாதாரண சோப்பும் போதும். தேய்ப்பதற்குப் பிரஷ் வேண்டாம். கையோ மெல்லிய துணியோ போதும். முழங்காலில் தொடங்கிக் கீழே வந்து, தோல் மடிப்புகளையும் ஒவ்வொரு விரல் இடுக்கையும் தனித்தனியாகக் கழுவ வேண்டும். சோப்பு முழுவதும் போகும்வரை நீர் ஊற்ற வேண்டும். பின்னர் மிக முக்கியமான வேலை: ஒற்றி ஒற்றி ஈரத்தைத் துடைப்பது. கழுவிவிட்டு ஈரத்தோடு விட்டால் கழுவாததை விடக் கேடு. உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைச் சற்று உயர்த்தி வைப்பதும், கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும் தேங்கிய நீரை நகர்த்தும். காய்ச்சல் வந்த நாட்களில் அந்தப் பயிற்சி வேண்டாம். ஓய்வும், காலில் குளிர்ந்த ஈரத்துணியும், நிறைய நீரும், தாமதமின்றி மருத்துவரும் வேண்டும். அந்த நேரத்தில் எண்ணெய் தேய்த்து உருவுவதும், ஒத்தடம் என்று சுடவைப்பதும், கீறி நீர் எடுப்பதும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம்.

ஒரு சிறு விலகல். வீக்கத்திற்கு ஊசி போட்டுக்கொண்டால் ஒரே நாளில் வடிகிறது என்று சிலர் மருத்துவம் படிக்காதவர்களிடம் போகிறார்கள். ஸ்டீராய்டு ஊசி காவலர்களை உறங்க வைக்கும், வீக்கம் வடியும், கிருமி தங்கிவிடும். தக்க இடத்தில், தக்க மருத்துவர் கையில் அது உயிர்காக்கும் மருந்து என்பதையும் மறுக்கவில்லை. வலி மாத்திரைகளும் அவ்வாறே. ஆஸ்பிரின் புராஸ்டகிளான்டின் உண்டாவதைத் தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் கண்டறிந்தார். அதாவது அது முரசை நிறுத்துகிறது, பகைவனை விரட்டுவதில்லை. இத்தகைய வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவோருக்கு வயிறும் சிறுநீரகமும் கெடும். சர்க்கரை நோயாளிகளின் நிலையோ இதற்கு நேர்மாறு. நரம்பு மரத்துப்போவதால் முள் தைத்தாலும் அவர்களுக்கு முரசே கேட்பதில்லை. வலிக்கவில்லையே என்று இருந்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் ஒரு காலை இழந்தார். சர்க்கரை உள்ளவர்கள் இரவு படுக்கும் முன் பாதத்தைக் கண்ணால் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உளூவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உளூ மருத்துவத்திற்காகக் கடமையாக்கப்பட்டதன்று, அது வணக்கம். ஒவ்வொரு வணக்கத்திற்கும் ஒரு விஞ்ஞானச் சான்றைத் தேடி ஓடும் பேச்சுகளில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஐவேளை கால் கழுவுகின்ற ஒருவர் அதை முறையாகச் செய்தால் அவரது காலுக்கும் நன்மை என்பதில் ஐயமில்லை. இடது கைச் சுண்டு விரலால், வலது காலின் சுண்டு விரலில் தொடங்கி இடது காலின் சுண்டு விரலில் முடியும்படி இடுக்குகளைக் கோதிக் கழுவுவது ஸுன்னத் என்று மதரஸாவில் ஓதினோம். குதிகாலை நனையாமல் விட்டவர்களை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்ததும் ஹதீஸில் உண்டு. நம்மில் எத்தனை பேர் இன்று இரு பாதங்களையும் குழாய்க்கு அடியில் காட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம்!

துடைப்பதைப் பற்றி ஒரு தயக்கம் நம் மக்களிடம் இருக்கிறது. உளூவின் ஈரத்தைத் துடைக்காமல் விடுவதே சிறப்பு என்று பெரியோர்கள் சொல்லக் கேட்டு, ஈரக் காலோடு செருப்பை மாட்டிக்கொள்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் காரணமின்றித் துடைக்காதிருப்பது சிறப்பு என்று இருப்பது உண்மையே. ஆனால் குளிர், நோய் போன்ற காரணம் இருந்தால் துடைப்பதில் குறையில்லை என்பதும் அதே நூல்களில் இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் துடைப்பதில் தடையே இல்லை. காலில் கட்டுப் போட்டிருந்து, தண்ணீர் படுவது கேடு என்று மருத்துவர் சொன்னால், கட்டின் மீது மஸஹ் செய்யும் சலுகை உண்டு. தயம்முமுக்கும் சட்டம் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் உங்கள் நிலையைச் சொல்லிக் கேளுங்கள். சலுகையைப் பயன்படுத்த வெட்கப்பட்டுத் தொழுகையை விட்டுவிடாதீர்கள்.

அந்த மூட்டை சுமந்த சகோதரருக்காக எங்கள் ஜமாஅத்தார் ஹவுளின் ஓரத்தில் ஒரு உயர்ந்த மேடை கட்டி, தனிக் குழாயும் வைத்தனர். உண்மையில் மூட்டு வலி உள்ள முதியவர்கள்தாம் இப்போது அதை அதிகம் பயன்படுத்துகிறார்கள். அவர் கால் சிறுத்துவிடவில்லை. சென்ற மழைக்காலத்தில் ஒரே ஒரு முறைதான் காய்ச்சல் வந்தது என்கிறார். சட்டைப் பையில் கால் துடைக்கும் வெள்ளைத் துணி ஒன்று எப்போதும் இருக்கிறது. சென்ற வாரம் வந்து ஒரு மஸ்அலா கேட்டார்: “ஹஜ்ரத், விரல் இடுக்கில் களிம்பு பூசியிருந்தால் உளூ கூடுமா?” தண்ணீர் தோலைத் தொடாமல் தடுக்கும் அளவுக்குப் படலமாக இருந்தால் அதைக் கழுவி நீக்கிய பிறகே கூடும், எனவே இஷா தொழுத பின் பூசிக்கொள்ளுங்கள், பஜ்ருக்குக் கழுவிவிடலாம் என்றேன். பகலிலும் ஒரு முறை பூசச் சொல்லியிருக்கிறார்களே என்றார். அப்படியானால் லுஹருக்குப் பின் பூசி, அஸருக்கு உளூ தேவைப்பட்டால் சோப்பால் கழுவிக்கொள்ளுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டு முதல் ஸஃப்பை நோக்கி நடந்தார்.